டீச்சர் வேலையை விட்ட பிறகு குமரி மாவட்டத்தில் என்ன செய்யலாம்?

தனியார் பள்ளியில் வேலை பார்த்து மனசும் உடம்பும் ஓய்ந்துபோய் விட்டவர்களுக்கும், விடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நம் மாவட்டத்தில் பி.எட். முடித்தவர் இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் இது, அந்தப் பெருமையில் பெரிய பங்கு பத்துப் பன்னிரண்டாயிரம் சம்பளத்துக்கு நாள் முழுக்க நின்றுகொண்டே பேசி, ராத்திரி சாப்பாட்டு மேசையில் நோட்டு திருத்திய டீச்சர்மாருக்கு உண்டு. அவர்களில் ஒருவர் "என்னால முடியல" என்று சொன்னால் வீட்டில் வரும் முதல் பதில், "நல்ல வேலைதானே, இதை விட்டா அப்புறம் என்ன செய்வ?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு என்னால் முடிந்த அளவு நேரடியாகப் பதில் சொல்கிறேன். நானும் பள்ளியை விட்டு மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்தவள், கூட வேலை பார்த்த பலர் பல பக்கம் போனதைக் கிட்ட இருந்து பார்த்தவள்.

முதலில் ஒரு விஷயம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் இல்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் வேலை தேடுவதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, வெளிநோயாளியாகப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். வெளியே போக மனசில்லை என்றால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள், காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். வேலையை விட்ட மறுநாளே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். உடம்பு அந்தப் பழைய ஓட்டத்திலிருந்து இறங்குவதற்கே சில மாதம் ஆகும், அதுவரை பெரிய முடிவு எடுக்காமல் இருப்பது நல்லது.

எது வலிக்கிறது என்று பாருங்கள்

இந்த முழுக் கட்டுரையிலும் நான் சொல்ல வருவது ஒன்றுதான்: "அடுத்து என்ன வேலை" என்று தேடுவதற்கு முன்னால், போன வேலையில் எது உங்களை வதைத்தது என்று தனியே எடுத்துப் பாருங்கள். "டீச்சிங் பிடிக்கல" என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் உட்கார்ந்து பேசினால் ஆளுக்கு ஆள் வேறு வேறு. ஒருவருக்கு ஐம்பது பிள்ளைகளின் சத்தம்; சிலருக்குப் பிள்ளைகள் உயிர், ஆனால் நிர்வாகம் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் நிற்கவைத்து ரிசல்ட் கேட்கும் கேள்விதான் ஆகாது. சிலருக்கு ஏப்ரல், மே மாதம் வீடு வீடாகப் போய் அட்மிஷன் பிடிக்கச் சொல்வது. சிலருக்கு ராத்திரி பதினொரு மணிக்கும் பெற்றோர் வாட்ஸ்ஆப் குரூப்பில் பதில் சொல்ல வேண்டியிருப்பது. சிலருக்கு வெறும் சம்பளம்.

ஒரு தாளை எடுத்து, சாதாரணமான ஒரு வாரத்தில் எந்த நேரம் நன்றாக இருந்தது, எந்த நேரம் எரிச்சலாக இருந்தது என்று எழுதிப் பாருங்கள். பாடம் நடத்தும் நாற்பது நிமிடம் நன்றாக இருந்தது, மற்றதெல்லாம்தான் பிரச்சினை என்று வந்தால் உங்களுக்குச் சொல்லித்தரும் தொழில் வேண்டும், பள்ளிக்கூடம்தான் வேண்டாம். கேள்வித்தாள் தயாரிப்பதும் ரெக்கார்டு எழுதுவதும் நிம்மதியாக இருந்தது, வகுப்புக்குள் நுழைந்தால் தலைவலி என்று வந்தால் மேசை வேலைக்குப் போகலாம். இதைச் செய்யாமல் விட்டவர்கள் பலர் ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்கோ, ஆன்லைன் டியூஷன் கம்பெனியின் விற்பனைப் பிரிவுக்கோ போய் அதே டார்கெட், அதே திட்டு என்று திரும்பவும் மாட்டிக்கொண்டார்கள்.

வெளியே வரும்போது கையில் இருக்க வேண்டியவை

முடிந்தால் கல்வியாண்டு முடியும்போது விடுங்கள். நடுவில் விட்டால் பிள்ளைகளுக்கும் கஷ்டம், நிர்வாகத்துக்கும் கோபம், அந்தக் கோபம் உங்கள் அனுபவச் சான்றிதழில் வந்து நிற்கும். ஆனால் உடம்பு தாங்கவில்லை என்றால் டிசம்பரில்கூட விடலாம், அதற்காக யாரிடமும் கூச்சப்பட வேண்டாம். வேலைக்குச் சேரும்போது தந்த ஆர்டரை எடுத்து நோட்டீஸ் எத்தனை மாதம் என்று பாருங்கள். ராஜினாமாவை எழுத்தில் கொடுத்து, இன்னொரு பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள், தர மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வையுங்கள்.

ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு தராமல் இழுத்தடிக்கும் பள்ளிகள் இருக்கின்றன. அது உங்கள் சொத்து, பிணையாக வைத்துக்கொள்ளப் பள்ளிக்கு உரிமை கிடையாது. முதலில் எழுத்தில் கேளுங்கள். அப்புறமும் தராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலகம், கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள், போலீஸ் நிலையம் என்று வரிசையாகப் போகலாம். பெரும்பாலும் முதல் கடிதத்திலேயே கிடைத்துவிடும், வாயால் கேட்பவர்களைத்தான் இழுத்தடிப்பார்கள்.

கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, இதைப் பற்றி நம் ஊர் டீச்சர்மாரில் பாதிப் பேருக்குத் தெரியாது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் பள்ளியில் ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் தனியார் பள்ளி ஆசிரியருக்கும் பணிக்கொடை உண்டு. 2009-ல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3-லிருந்தே பொருந்தும் என்று ஆக்கினார்கள். பள்ளிகள் அதை எதிர்த்து வழக்குப் போட, 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. கணக்கு எளிது: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருடங்களால் பெருக்க வேண்டும். மாதம் 13,000 என்றால் ஒரு வருடத்துக்கு 7,500, எட்டு வருடம் பார்த்திருந்தால் 60,000 ரூபாய். அடுத்த வேலை கிடைக்கும்வரை வீட்டை ஓட்ட இது எவ்வளவு பெரிய துணை என்று யோசித்துப் பாருங்கள். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள், முப்பது நாளுக்குள் தர வேண்டும். தராவிட்டால் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம், தாமதத்துக்கு வட்டியும் கேட்கலாம்.

பி.எஃப். பிடித்திருந்தால் உங்கள் யு.ஏ.என். எண்ணில் வேலையை விட்ட தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பள்ளி ஏற்றாவிட்டால் கடைசித் தொகை வந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே ஏற்றலாம். அவசரப்பட்டு மொத்தத்தையும் எடுக்காதீர்கள். ஐந்து வருடத்துக்கு முன்னால் எடுத்தால் வரி உண்டு. பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும், எட்டோ ஒன்பதோ ஆனவர்கள் பணத்தை எடுத்துவிட்டால் அத்தனை வருடமும் வீண். பென்ஷன் தொகையை எடுக்காமல் ஸ்கீம் சர்ட்டிஃபிகேட் வாங்கி வைத்தால் அடுத்த வேலையின் வருடங்களோடு சேர்த்துக்கொள்ளலாம்.

அனுபவச் சான்றிதழில் எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று தெளிவாக இருக்கட்டும். "நன்றாகப் பணியாற்றினார்" என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்குங்கள்.

சொல்லித்தருவது பிடிக்கும், பள்ளிக்கூடம் வேண்டாம் என்பவர்களுக்கு

டியூஷன் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதனால் அதிகம் சொல்லவில்லை. பத்து, பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு, இயற்பியல், அக்கவுண்டன்சி எடுப்பவர்களுக்கு நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை, கருங்கல் பக்கம் ஆள் கிடைத்துக்கொண்டே இருக்கும். ஒன்று மட்டும் சொல்கிறேன், சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது வரை உங்கள் வீடு உங்களுடையதாக இருக்காது. சொந்தப் பிள்ளைகள் சின்னதாக இருந்தால் இதை நன்றாக யோசியுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தமிழ் சொல்லித்தருவது இப்போது நல்ல வேலையாக வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் வெள்ளி, சனி சாயங்காலம் என்றால் நமக்கு சனி, ஞாயிறு காலை. ஒரு பிள்ளையோ மூன்று பிள்ளைகளோதான், சத்தம் இல்லை, பேப்பர் கட்டு இல்லை. ஆனால் நம் பாடப்புத்தகத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போனால் எடுபடாது. அந்தப் பிள்ளைக்கு "பாட்டியிடம் போனில் என்ன பேசுவது" என்பதுதான் தேவை. வீட்டுப் பேச்சு, சாப்பாடு, உறவுமுறை என்று தொடங்கி எழுத்துக்கு வர வேண்டும். "அத்தைக்கும் சித்திக்கும் என்ன வித்தியாசம்" என்பதை ஒரு குடும்பப் படம் போட்டு விளக்கினாலே ஒரு வகுப்பு போய்விடும். முதலில் தெரிந்த குடும்பம் ஒன்றுக்கு ஒரு மாதம் சொல்லிக்கொடுங்கள், அவர்கள் வழியாகவே அடுத்தவர்கள் வருவார்கள்.

சிறப்புக் குழந்தைகளுக்குச் சொல்லித்தருவதில் மனசு போகிறவர்களுக்கு, இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த சிறப்புக் கல்வி பி.எட். அல்லது டிப்ளமோ வேண்டும். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்வி பி.எட். உண்டு. கவுன்சில் பதிவு இல்லாத சான்றிதழ்ப் படிப்பில் காசைப் போடாதீர்கள். இந்த வேலை சுலபம் என்று நினைத்தும் போகாதீர்கள். ஒரு பிள்ளை சட்டைப் பொத்தானைத் தானே போடக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் ஆகலாம், அந்த ஆறு மாதமும் உங்களுக்குச் சலிக்கக் கூடாது.

மாலத்தீவு, வளைகுடா பள்ளிகள் பற்றியும் கேட்பார்கள். திருவனந்தபுரத்திலிருந்து மாலேவுக்கு விமானம் ஏறிப்போன டீச்சர்மார் நம் ஊரில் ஏராளம். பணம்தான் பிரச்சினை என்றால் இது நல்ல வழி, பள்ளிச் சூழலே ஆகாது என்றால் அங்கேயும் பள்ளிதான். ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழக அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் பதிந்து வைக்கலாம்.

மேசை வேலை வேண்டும் என்பவர்களுக்கு

இங்கேதான் குமரிக்காரர்களுக்கு மற்ற மாவட்டத்தாருக்கு இல்லாத ஒரு கைமுதல் இருக்கிறது. முதலில் திருவிதாங்கூர், 1949-லிருந்து திருவிதாங்கூர்-கொச்சி என்று 1956 நவம்பர் 1 வரை நாம் அந்தப் பக்கம். அதனால் விளவங்கோடு, கல்குளம் பக்கம் தமிழும் மலையாளமும் இரண்டும் புழங்குகிற வீடுகள் அதிகம். பேச மட்டும் தெரியும் என்பவர்கள் மூன்று மாதம் தினமும் ஒரு மலையாளப் பத்திரிகையை எழுத்துக்கூட்டிப் படியுங்கள், எழுத்து வந்துவிடும். தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றையும் பிழையில்லாமல் எழுதக்கூடியவர்களுக்கு மொழிபெயர்ப்பு, விளம்பர வாசகம், சப்டைட்டில், ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவது, கணினி மொழி மாதிரிகளுக்குத் தரவு சரிபார்ப்பது என்று வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன. மொழிபெயர்ப்பு நிறுவனங்கள் முதலில் ஒரு சின்னச் சோதனைப் பகுதி கொடுப்பார்கள். இருநூறு முந்நூறு சொல்லுக்குக் காசு கேட்காமல் செய்து கொடுக்கலாம். பத்துப் பக்கத்தைச் "சோதனை" என்று அனுப்பினால் அது ஓசியில் வேலை வாங்குவது, முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

இதிலேயே யாரும் கவனிக்காத ஒரு வேலை உண்டு. பழைய நிலப் பத்திரங்கள் பல இன்னும் மலையாளத்தில்தான் இருக்கின்றன. தாத்தா காலத்துப் பிரமாணத்தை எடுத்து வைத்துக்கொண்டு, வங்கிக் கடனுக்கோ பாகப்பிரிவினைக்கோ அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் நிற்கும் குடும்பங்களை ஆதாரம், அதாவது பத்திரம் எழுதும் அலுவலகங்களில் பார்க்கலாம். சென்ட் கணக்கும், எல்லைகளும், பழைய சட்டச் சொற்களும் கொஞ்சம் பழக வேண்டும், கையெழுத்தைப் படிக்கக் கண் பழக வேண்டும். ஒரு ஆதாரம் எழுத்துக்காரரிடமோ சிவில் வக்கீலிடமோ சில மாதம் உதவியாக இருந்து பார்த்தால் பிடிபட்டுவிடும். மொழி ஆசிரியர்களுக்கு இது அருமையாகப் பொருந்தும். ஒரு சொல்லை ஊகித்து எழுதக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பான விதி. தெரியாத இடத்தில் "தெளிவாக இல்லை" என்று எழுதுங்கள், நிலத்தகராறில் உங்கள் ஊகம் ஒரு குடும்பத்தையே கோர்ட்டுக்கு இழுத்துவிடும்.

கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் 1990-லிருந்து இருக்கிறது. நாகர்கோவில், இரணியல், குழித்துறையிலிருந்து ரயிலில் தினமும் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள் ஏற்கனவே நிறையப் பேர். டீச்சர் என்றால் ஐ.டி. கம்பெனியில் என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி தரும் பிரிவு, மனிதவளம், ஆவணம் எழுதுவது, வாடிக்கையாளருக்கு உதவும் பிரிவு, பாடத்திட்டம் தயாரிக்கும் கம்பெனிகள் என்று பல இடம் உண்டு. கணக்கு, கம்ப்யூட்டர் எடுத்தவர்கள் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பக்கமும் போகலாம். நாகர்கோவிலிலேயே சின்ன ஐ.டி. நிறுவனங்கள் இருக்கின்றன, சம்பளம் குறைவாக இருந்தாலும் முதல் ஒரு வருட அனுபவத்துக்கு அவை போதும். "நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்று போர்டு வைத்து ஐம்பதாயிரம், லட்சம் கேட்கும் பயிற்சி நிலையத்துக்கு ஓடுவதற்கு முன்னால் ஸ்வயம், என்.பி.டி.இ.எல். என்ற அரசு இணையவழிப் படிப்புத் தளங்களில் இலவசமாக ஒரு படிப்பை முடித்துப் பாருங்கள். அதை முடிக்கவே ஆர்வம் வரவில்லை என்றால் அந்தத் துறை உங்களுக்கு வேண்டாம்.

காமர்ஸ் டீச்சர்மார் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு வருடம் வேலை பார்த்தால், டேலியும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் கைக்கு வந்துவிடும். வணிகவியல் பட்டதாரிகள் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதிவு செய்து தேர்வு எழுதி, வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ கடைக்காரர்களுக்குச் சொந்தமாகவே செய்து கொடுக்கலாம். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் ஆக என்.ஐ.எஸ்.எம். தேர்வு ஒன்று எழுதி, மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியில் பதிவு எண் வாங்க வேண்டும். எல்.ஐ.சி. ஏஜென்சியும் இருக்கிறது. அதில் முதல் வருடம் சொந்தக்காரர்களிடமும் பழைய மாணவர்களின் பெற்றோரிடமும் போய் நிற்க வேண்டிவரும், அட்மிஷன் பிடிக்கப் போவதே கொடுமையாக இருந்தவர்களுக்கு இது ஒத்துவராது.

நூலக அறிவியல் பட்டம் தபால் வழியிலேயே படிக்கலாம், பள்ளி கல்லூரி நூலகங்களில் வேலை அமைதியானது, ஆனால் இடங்கள் குறைவு.

அரசு வேலைத் தேர்வு

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், நேர்முகம் கிடையாது. அதில் 100 கேள்வி தமிழ். தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். கேள்விகள் பெரும்பாலும் பள்ளிப் பாடப்புத்தகங்களிலிருந்து வருகின்றன, ஆறிலிருந்து பத்து வரை சமூக அறிவியலோ தமிழோ வருடக்கணக்கில் நடத்தியவர்களுக்குப் பாதிப் பாடம் ஏற்கனவே மனப்பாடம். பட்டம் பெற்ற பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு இளநிலை உதவியாளர் போன்ற பதவிகளுக்கு உச்ச வயது வரம்பு இல்லை என்பதால் நாற்பதைத் தாண்டியவர்களும் எழுதலாம். பொதுப் பிரிவினர் அறிவிக்கையில் வயதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கில வழியிலும் மலையாள வழியிலும் படித்தவர்கள் தமிழ்ப் பகுதியை முதலில் பிடியுங்கள், அங்கேதான் பலர் விழுகிறார்கள்.

கோணத்தில் இருக்கும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் மூலம் இலவச வகுப்பு நடத்துகிறார்கள், புத்தகங்களும் அங்கே படிக்கலாம். ஆனால் "தேர்வுக்குப் படிக்கிறேன்" என்று வேறு எதுவும் செய்யாமல் வருடக்கணக்கில் உட்கார்ந்துவிடாதீர்கள். ஒரு பகுதி நேர வருமானத்தோடு படிப்பதுதான் மனசுக்கு நல்லது, முடிவு வரும்வரை வீட்டில் யார் முகத்தையும் பார்க்கத் தயங்க வேண்டியிருக்காது.

மனிதர்களே வேண்டாம், மண்ணோடு இருக்கிறேன் என்பவர்களுக்கு

வீட்டோடு கொஞ்சம் நிலமோ ரப்பர் தோட்டமோ இருப்பவர்கள் தேனீயை யோசிக்கலாம். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அதே வருடம் நம் மட்டி வாழைக்கும் கிடைத்தது. இங்கே தேன் வருவது பெரும்பாலும் ரப்பரிலிருந்து, அதுவும் பூவிலிருந்து இல்லை. தை, மாசியில் இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பின் நுனியில், மூன்று இலையும் சேரும் இடத்தில், சின்னச் சின்னச் சுரப்பிகளில் இனிப்பு நீர் கசியும். காலையில் போய்த் தளிரை விரலால் தொட்டுப் பார்த்தால் பிசுபிசுவென்று ஒட்டும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை தேனீ அதைத்தான் எடுக்கிறது, வருடத்தின் பெரும்பகுதித் தேன் அந்த மாதங்களில் பெட்டியில் சேர்ந்துவிடும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் தேனீக்கு வெளியே ஒன்றும் கிடைக்காது, சர்க்கரைப் பாகு வைத்துக் காப்பாற்ற வேண்டும், கண்டுகொள்ளாமல் விட்டால் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்விடும். எறும்பும் மெழுகுப்பூச்சியும் வேறு. 1990-களின் தொடக்கத்தில் ஒரு வைரஸ் நோய் வந்து இந்தப் பகுதியில் தேனீக் கூட்டங்களை ஏறக்குறைய துடைத்தெடுத்துவிட்டது, பழைய தேனீ வளர்ப்பாளர்கள் இப்போதும் அதைச் சொல்வார்கள். ஆகவே நாலைந்து பெட்டியோடு ஒரு முழு வருடம் பார்த்துவிட்டு அப்புறம் கூட்டுங்கள். முதல் வருடமே இதில் குடும்பம் ஓடும் என்று கணக்குப் போடாதீர்கள்.

திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. தேனீ, காளான், வாழை மதிப்புக் கூட்டல் மாதிரியான பயிற்சிகளில் அடுத்து எது, எப்போது என்று நேரில் போய்க் கேட்டு எழுதி வைத்துவிட்டு வாருங்கள். வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் தையல், பேக்கரி முதலானவை இலவசம். ஏத்தன்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ், மட்டிப்பழப் பொடி, ஊறுகாய் எது செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு கட்டாயம், ஆன்லைனிலேயே எடுக்கலாம். பெரிதாகச் செய்ய நினைப்பவர்கள் மாவட்டத் தொழில் மையத்தில் தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள், முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு முதலீட்டில் 25 சதவீத மானியம் உண்டு. மானியம் கிடைக்கிறது என்பதற்காகத் தெரியாத தொழிலில் இறங்க வேண்டாம், நகையைப் பணயம் வைத்து இறங்கவே வேண்டாம்.

பயோடேட்டாவை மாற்றி எழுதுங்கள்

பள்ளிக்கு வெளியே இருப்பவர்களுக்கு டீச்சர் என்ன செய்கிறார் என்று தெரியாது. "கணித ஆசிரியை, ஒன்பதாம் பத்தாம் வகுப்பு" என்று எழுதினால் கம்பெனிக்காரர் ஒன்றும் புரியாமல் ஓரமாக வைத்துவிடுவார். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "120 மாணவர்களின் வருகை, மதிப்பெண், பெற்றோர் தொடர்பு விவரங்களை எமிஸ் தளத்திலும் எக்செலிலும் பராமரித்தேன். பள்ளியின் தேர்வுப் பொறுப்பாளராக 30 ஆசிரியர்களின் கண்காணிப்புப் பணி அட்டவணையைத் தயாரித்தேன். மாதந்தோறும் பெற்றோர் கூட்டத்தில் புகார்களைக் கேட்டுத் தீர்த்து வைத்தேன்." எண்கள் உங்களுடைய உண்மையான எண்களாக இருக்கட்டும். இதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை, நாம் தினமும் செய்ததுதான், ஆனால் இப்போது அது அலுவலக நிர்வாகமாகவும் வாடிக்கையாளர் சேவையாகவும் அவர்கள் கண்ணுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி நிர்வாகம், வங்கிகளின் வாடிக்கையாளர் பிரிவு, தொண்டு நிறுவனங்கள் எல்லாம் இப்படிப்பட்டவரைத்தான் தேடுகின்றன. பி.எட். என்பதை முதல் வரியிலிருந்து இறக்கிப் படிப்புப் பகுதியில் வையுங்கள்.

"ஏன் பள்ளியை விட்டீர்கள்?" என்று கேட்பார்கள். நிர்வாகத்தைத் திட்டாதீர்கள், அழுகையும் வேண்டாம். "பாடம் தயாரிக்கும் வேலை எனக்கு அதிகம் பிடித்தது, அதையே முழு நேரமாகச் செய்ய நினைத்தேன்" என்கிற மாதிரி, உண்மையில் பிடித்த ஒன்றைச் சொல்லுங்கள். முதல் பகுதியில் எழுதச் சொன்ன தாள் இங்கே உதவும்.

கவனம்

வேலை தேடும் டீச்சர்களைக் குறிவைத்தே சிலர் வருகிறார்கள். டேட்டா என்ட்ரி வேலை, பதிவுக் கட்டணம் கட்டுங்கள், பிழை வந்தால் ஒப்பந்தத்தை மீறியதாக வக்கீல் நோட்டீஸ் என்று மிரட்டுவது ஒரு வகை. வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று தொடங்கி டெலிகிராமில் பணம் கட்டச் சொல்வது இன்னொரு வகை. ஊருக்குள் பழைய சக ஆசிரியரே வந்து "சத்துமாவு விற்கலாம், கீழே ஆள் சேர்த்தால் கமிஷன்" என்பது மூன்றாவது, இதில் முகத்தாட்சண்யம் பார்த்துத்தான் விழுகிறோம். வேலை தருகிறவர் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

வீட்டுச் செலவுக்கு ஆறு மாதப் பணம் தனியாக இருந்தால் நல்லது. இல்லையென்றால், விடுவதற்கு முன்பே சனி ஞாயிறுகளில் அடுத்த வேலையைச் சின்ன அளவில் தொடங்குங்கள். வீட்டில் சொல்லும்போது "விடப்போகிறேன்" என்று மட்டும் சொல்லாமல், "இந்தத் தேதியில் விடுகிறேன், பணிக்கொடை இவ்வளவு வரும், இந்த வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன்" என்று கணக்கோடு சொல்லுங்கள். மாமியாரும் அப்பாவும் பயப்படுவது பணத்துக்கும் ஊர்ப்பேச்சுக்கும்தான், பணத்துக்குப் பதில் கையில் இருந்தால் ஊர்ப்பேச்சைச் சமாளித்துக்கொள்ளலாம். கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் பெண்பிள்ளைகளிடம் "டீச்சர் என்றால் நல்ல வரன் வரும், இப்போது விடாதே" என்பார்கள். அந்த ஒரு காரணத்துக்காகத் தூக்கத்தைத் தொலைத்துக்கொண்டு இருக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

பள்ளியை விட்டால் திரும்ப வரவே முடியாதோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கு அந்தச் சான்றிதழ் இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும், 2021-ல் ஏழு வருட வரம்பை எடுத்து, 2011-லிருந்து தேறியவர்களுக்கும் சேர்த்து அப்படி ஆக்கிவிட்டார்கள். ஒவ்வொரு ஏப்ரல், மே மாதமும் நம் மாவட்டப் பள்ளிகள் ஆள் தேடும். அனுபவச் சான்றிதழ், டெட், டிகிரி, பி.எட். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து டிஜிலாக்கரிலும் மெயிலிலும் போட்டு வையுங்கள், ஒரிஜினலை இனி எந்த நிறுவனத்திலும் கொடுத்து வைக்காதீர்கள், சரிபார்க்கக் கேட்டால் காட்டிவிட்டு அப்போதே கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.